குமரனுக்கு, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமிலிருந்து

24 ஜூன் 2024

அன்புள்ள குமரா,

ஞாயிற்றுக்கிழமை போன் வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுது.

வியாழக்கிழமை நம் ரிக்வுட் மைதானத்தில் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டம் நடந்ததே, பார்த்தாயா? கார்டினல்ஸ் 6, ஜயண்ட்ஸ் 5. அப்பா ஸ்கோர் நோட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஆட்டமென்றே ஒப்புக்கொள்ளாத மனிதர், பள்ளிக்கூடத்துப் பையனான உன்னிடம் அந்தக் குறிகளையெல்லாம் கற்றுக்கொண்டாரே! உனக்கு இருந்த பொறுமை யாருக்கு வரும்? அந்தப் பொறுமை இப்போது எங்கே போனதோ.

1910-இல் இரும்பாலை முதலாளி ரிக் உட்வர்ட் கட்டியது என்று அப்பா ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வெள்ளையர்களின் பேரன்ஸ் அணிக்கும் அதே மைதானம், கறுப்பர்களின் பிளாக் பேரன்ஸ் அணிக்கும் அதே மைதானம். ஆனால் பேரன்ஸ் ஆடும் நாளில் கறுப்பர்களுக்கு வலது கோடியில் தனி இடம். இரண்டு நிறத்தவரும் சேர்ந்து பேஸ்பால் என்ன, சீட்டுகூட ஆடக் கூடாது என்று இந்த ஊரில் சட்டமே இருந்தது. பேரன்ஸ் ஆடிவந்த சதர்ன் அசோசியேஷன் லீக் 1961-ஓடு கலைந்தது. கறுப்பு வீரர்களைச் சேர்ப்பதைவிட இழுத்து மூடுவதே மேல் என்று இருந்துவிட்டார்கள். பிடிவாதம் எதில் கொண்டுபோய் விடும் பார். உன்னையும் சொல்லவில்லை, அப்பாவையும் சொல்லவில்லை.

இந்த மைதானத்தில் ஆடிய பேஸ்பால் மேதை வில்லி மேஸ் 18-ஆம் தேதி காலமானார், 93 வயது. 1948-இல் பிளாக் பேரன்ஸில் சேர்ந்தபோது பள்ளி மாணவன். படிப்பு கெடக் கூடாது என்று, பள்ளி நடக்கும் நாட்களில் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும்தான் அனுப்பினார்களாம். அத்தனை திறமை இருந்தும் முதலில் படிப்பை முடிக்க வைத்தார்கள். இதையும் சும்மாதான் சொல்கிறேன்.

அன்று டிவியில் பழைய கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன் பேசியதைக் கேட்டாயா? 1967-இல் இங்கே ஆடியபோது உணவகத்தில் அவருக்குச் சாப்பாடு கிடையாது என்றார்களாம். இவனுக்கு இல்லையென்றால் எங்கள் யாருக்கும் வேண்டாம் என்று மேலாளர் ஜான் மெக்னமாரா மொத்த அணியையும் எழுப்பிக்கொண்டு போய்விடுவாராம். ஜாக்சனுக்கு வாரத்தில் பல இரவுகள் சக வீரர் ஜோ ரூடி வீட்டு சோஃபாவில்தான் தூக்கமாம். எனக்கு அதற்கு மேல் ஆட்டம் மனதில் ஏறவில்லை. நீ இப்போது யார் வீட்டில் தூங்குகிறாய்? பழைய அறையைக் காலி செய்துவிட்டாய் என்று பெரியம்மா சொன்னாள். அவளுக்குச் சொல்லத் தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு.

1987-க்குப் பிறகு பேரன்ஸ் பக்கத்து ஊரான ஹூவருக்குப் போய்விட்டது. வீணாகிவிடும் என்று நினைத்த மைதானத்தை ஊர்க்காரர்கள் சேர்ந்து காப்பாற்றினார்கள். ஒருவர் பலகை மாற்றினார், ஒருவர் பெயின்ட் அடித்தார். உதவி கேட்பதில் என்ன வெட்கம்? பணம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுது.

உன் பல்கலைக்கழகத்திலிருந்து உன் பெயருக்கு ஒரு உறை வந்திருக்கிறது. தடிமனாக இல்லை. அப்பா கண்ணில் படும் முன் எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. அங்கே அனுப்பவா, பிரித்துப் படிக்கவா, நீயே வந்து வாங்கிக்கொள்கிறாயா? அனுப்புவதென்றால் புது விலாசம் வேண்டும்.

அன்புடன்,
அம்மா