யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆவணக் காப்பகம் அமைத்துத் தருமாறு கோரும் மனு

செயலாளர்,
கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை.

ஊடாக: அதிபர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி

ஐயா / அம்மணி,

1816இல் வெஸ்லியன் மிஷனரிமார் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலைக்கு, 1834இல் பேர்சிவல் பாதிரியார் மத்திய பாடசாலை என்று பெயர் வைத்தார். 1960களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்ற அந்தக் கல்லூரி இன்று தங்கள் அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலை. அதன் வரலாற்றைச் சொல்லும் தாள்கள் அதன் வளவுக்குள்ளேயே பேணப்பட வேண்டும் என்பதே எனது கோரிக்கை.

நல்லூர் ஆறுமுகநாவலர் இங்கே படித்தவர். படித்த இடத்திலேயே ஆங்கிலமும் தமிழும் கற்பித்தார். சைவராக இருந்தபடியே, வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, மிஷன் பாடசாலையில் கண்ட வகுப்பு முறையையும் அச்சுப் பாடநூலையும் சைவப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். மிஷனை எதிர்த்து நின்றவரும் மிஷனை நடத்தியவரும் ஒரே மேசையில் ஒரு தமிழ் வாக்கியத்துக்காக மல்லுக்கட்டியிருப்பார்கள். எங்கள் கல்லூரியின் குணம் அந்த மேசையில் தொடங்கியது என்றே நம்புகிறேன். இன்றைய மாணவர்களுக்கு இதைச் சான்றோடு காட்ட வேண்டாமா?

பரியோவான் கல்லூரியோடு 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெரும் போர்’ என்ற துடுப்பாட்டப் போட்டி ஊரறிந்தது. 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் தந்த எதிர்வீரசிங்கமும் இந்தக் கல்லூரியின் மாணவரே.

தொடக்ககால மிஷனரிமாரின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்விக் கல்லூரியில் இருக்கின்றன. மற்றவை பழைய மாணவர்களின் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பாவின் காலத்துக் கல்லூரிச் சஞ்சிகை ஒன்று இருக்கிறது. அட்டை போய்விட்டது. துடுப்பாட்ட அணியின் படத்துக்குக் கீழே, இரண்டாம் வரிசைப் பெயர்களில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இன்னார் என்று சொல்ல அப்பா இல்லை.

தாள்கள் அழிவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக்கு அருகிலுள்ள பொது நூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பின்னர், கோட்டையைச் சுற்றி நடந்த போரில் கல்லூரிக் கட்டடங்களும் சேதமடைந்தன.

ஆகவே, ஈரமும் கறையானும் அணுகாத ஓர் அறையை ஒதுக்கி, ஆவணப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவருக்கு ஆளணி அனுமதி தருமாறு கேட்கிறேன். இந்த அலுவலர் மிக அவசியம். ஆசிரியர் ஒருவரின் தலையில் மேலதிக வேலையாக இதைச் சுமத்தினால், அவருக்கு இடமாற்றம் வருகிற அன்றே அறை பூட்டப்பட்டுவிடும். லண்டனிலுள்ள கடிதங்களின் படிகளை அமைச்சே எழுதிப் பெற்றுத்தர வேண்டும். எண்ணிமப்படுத்தலில் நீண்ட அனுபவமுள்ள, ‘நூலகம்’ இணையத்தளத்தை நடத்தும் நூலக நிறுவனத்தின் உதவியையும் நாடலாம். வீடுகளில் உள்ளவற்றைத் திரட்டும் பொறுப்பைப் பழைய மாணவர்கள் ஏற்கலாம். முதலாவதாக அப்பாவின் சஞ்சிகையை நான் ஒப்படைக்கிறேன்.

அடுத்த ஆண்டுப் பாதீட்டில் இதற்கு நிதி ஒதுக்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை அதிபர் ஊடாக அறியத் தருமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கல்லூரியின் பழைய மாணவன்,
யாழ்ப்பாணம்.