‘பரவாயில்லை சார்’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். என் தம்பிக்கு 17 வயதில் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் செருப்புச் சத்தம் கேட்கும். ஏறிப் போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பான். “உக்கார முடியலக்கா” என்பான். மாதம் முடிந்து ஓ.பி.க்குப் போனோம். “எப்படிப்பா இருக்கே?” என்று டாக்டர் கேட்டார். “பரவாயில்லை சார்” என்றான். சீட்டில் அதே மாத்திரை, இன்னொரு மாதத்துக்கு. பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே அவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

மருந்தை மாற்றினார்கள், தேறிவிட்டான். அதனால் இது மாத்திரைக்கு எதிரான கடிதம் இல்லை. யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிறுவர், பதின்வயதினரிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். தற்கொலையால் இறப்பு எதுவும் இல்லை. முதல் சில மாதங்களிலும் டோஸ் மாறும்போதும் நெருக்கமாகக் கவனியுங்கள் என்று எச்சரித்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. நம் ஓ.பி.யிலோ முதல் வாரங்களில்தான் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

பேச்சுவழிச் சிகிச்சையிலும் இதே கதைதான். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு வந்த 550 பேரில் யார் மோசமாவார்கள் என்று ஆலோசகர்களையே கணிக்கச் சொன்னார்கள். 3 பேரைக் காட்டினார்கள். உண்மையில் நிலைமை மோசமானவர்கள் 40 பேர். ஒவ்வொரு முறையும் நிரப்பிய கேள்வித்தாளின் மதிப்பெண் அவர்களில் பெரும்பாலோரை முன்பே காட்டியிருந்தது. அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில் அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள். மனச்சோர்வை அளக்கும், ஒன்பதே கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 கேள்வித்தாள் தமிழிலேயே இருக்கிறது. கடைசிக் கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. கூட வந்தவருக்குத் தனித் தாள்: தூக்கம், படபடப்பு, கோபம். நோட்டில் போன முறை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். மதிப்பெண் ஏறியிருந்தால், அதாவது சோர்வு கூடியிருந்தால், அவரை முதலில் உள்ளே கூப்பிடுங்கள். முதல் நான்கு வாரம் செவிலியர் வாரம் ஒரு போன் செய்யட்டும்.

அப்புறம், தேதிக்கு வராதவர்கள். குணமாகிவிட்டார்கள் என்று அந்த நோட்டை மூடிவைக்காதீர்கள். முதல் போன் அவர்களுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா