ஒரு ஸ்பேடுக்குப் பிறகு

கும்பகோணம்,
கார்த்திகை 3

அன்பு நண்பனுக்கு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாதது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். தாளடி நடவு முடிந்துவிட்டது, பள்ள வயல்களில்தான் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அக்காவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இன்று எழுத உட்கார்ந்தது நம் பிரிட்ஜ் சீட்டாட்ட வாத்தியாரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அரசலாற்றங்கரை வீட்டுத் திண்ணையில் ஆட்டம் நடந்தது. வாத்தியாரும் நானும் ஒரு ஜோடி. சீட்டுப் போட்டவர் அவர். 1 ஹார்ட் என்று ஏலத்தைத் தொடங்கியவரும் அவரே. அடுத்தவர் பாஸ். என் கையில் ஸ்பேடில் ஏஸ், ராணி, பத்தோடு நான்கு சீட்டு; ஹார்ட்டில் ராஜாவோடு மூன்று; டைமண்டில் ஏஸோடு நான்கு; கிளப்பில் இரண்டும் சில்லறை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்ற கணக்கில் மொத்தம் 13 புள்ளி. அவரிடம் 12 இருந்தால்கூட இருவருக்கும் சேர்த்து 25 ஆகிறது, ஹார்ட்டில் அவருடைய ஐந்தும் என் மூன்றுமாக எட்டுத் துருப்பு இருக்கிறது. பத்துப் பிடி எடுக்க வேண்டிய 4 ஹார்ட் உறுதி என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் கை இன்னும் கனமாக இருந்தால் பன்னிரண்டு பிடிக்கு மேல் எடுக்கும் ஸ்லாம்வரை போகலாம் என்ற எண்ணத்தில், அவசரப்படாமல் 1 ஸ்பேட் என்று பதில் சொன்னேன். அடுத்தவர் பாஸ். வாத்தியாரும் பாஸ்.

நண்பா, நம் இருவருக்கும் பதில் ஏலத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே! 2 ஹார்ட் என்றோ, துருப்பே இல்லாத 1 நோ டிரம்ப் என்றோ பதில் வந்தால் அதற்கு 6 முதல் 9 புள்ளி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. ஆகவே தொடங்கியவர் வேண்டுமானால் அங்கேயே நின்றுவிடலாம். புதிய சூட்டை, அதாவது வேறு சீட்டு இனத்தைச் சொன்னால் 6 என்ற கீழ்வரம்பு மட்டுமே உண்டு, மேல்வரம்பு கிடையாது; ஆகவே தொடங்கியவர் மறுபடி ஏலம் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டவனுக்கு விடை சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறார்! ஸ்பேடில் ஏழே துருப்பை வைத்துக்கொண்டு ஒன்பது பிடி எடுத்தேன், கிடைத்தது 140. நாங்கள் வல்னரபிளாக, அதாவது லாபமும் நஷ்டமும் பெரிதாகும் நிலையில் இருந்ததால் 4 ஹார்ட் ஆடியிருந்தால் 620. புள்ளி போனது எனக்குப் பெரிதில்லை. ஆட்டம் முடிந்ததும் மெல்லக் கேட்டேன். "நீதான் முதலிலேயே பாஸ் சொல்லிவிட்டாயே, உன்னிடம் 12 இருக்காது என்று விட்டேன்" என்றார்.

விதி சரிதான். முதலில் பாஸ் சொன்னவன் பிறகு புதிய சூட்டைச் சொன்னால் தொடங்கியவர் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சீட்டுப் போட்டு முதலில் வாய் திறந்தவர் அவர். அதற்கு முன்னால் நான் பாஸ் சொல்ல இடமேது? எங்களோடு ஆடிய தாசில்தார் என்னைப் பார்த்தார், நான் சீட்டுகளைப் பார்த்தேன். யாரும் பேசவில்லை.

சென்ற மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் 1 நோ டிரம்ப் தொடங்கினார். என்னிடம் ஐந்து ஹார்ட் இருந்ததால், ஹார்ட்டுக்கு மாற்றச் சொல்லும் சங்கேதமாக 2 டைமண்ட் என்றேன்; அவர் 2 ஹார்ட் சொல்ல வேண்டும். அவர் மாற்றாமல் பாஸ் சொன்னார். அவர் டம்மியாகச் சீட்டை மேசையில் விரித்துவிட, இரண்டே டைமண்டுகளோடு நான் ஆட வேண்டியதாயிற்று. களைப்பு என்று அன்று நினைத்துக்கொண்டேன். 52 சீட்டும் போன வழியை மறுநாள் காலையில் ஒப்பிக்கக்கூடியவர் அவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் ஆடவர் ஜோடிப் போட்டியில் தங்கம் வென்றபோது, "பார்த்தாயா, இந்த ஆட்டத்துக்கு வயது கிடையாது" என்று தெருவெல்லாம் அசோகா அல்வா கொடுத்தாரே, உனக்கும் பொட்டலம் அனுப்பினாரே!

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி அவருக்கு எதிரே உட்காரும்போது, கையிலுள்ளதை ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கும் பதில்களையே சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கையாக இருந்தால் நேரே 4 ஹார்ட். ஹார்ட் ஐந்து இருந்தால், மாற்றச் சொல்லாமல் நானே சொல்லிவிடுவேன். சில ஸ்லாம்கள் கைநழுவும், அவருடைய பலமான கை சில சமயம் டம்மியாக மேசையில் விரியும். போகட்டும். அவரை நினைவில் தடுக்கி விழவைக்கும் ஏலம் எனக்கு வேண்டாம்.

அவர் மகளிடம் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லலாமா என்பதுதான் விளங்கவில்லை. ஒருவேளை நான் மிகையாக அஞ்சுகிறேனோ என்றும் தோன்றுகிறது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. என் இடத்தில் உன்னை உட்காரவைக்கிறேன். அவர் 1 ஹார்ட் என்றால், நீ 1 ஸ்பேட் சொல்லிப் பார்.

என்றும் உன்,
பழைய ஜோடி