இரண்டு ‘ப்’ காணவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் ‘கடைசி வாய்ப்பாக பகுதிநேர படிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தேன். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் தனியார் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டம் வாங்கி ‘அப்படியே ஆசிரியராகிவிடுகிறார்கள்’ என்று உள்ளே ஒரு வரி.

அப்படியேவா? நான் 2009இல் இங்கே சிங்கப்பூரில் யூனிசிம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அப்போது அது தனியார் பல்கலைக்கழகம்தான். 2017இல் தன்னாட்சி பெற்றுப் பெயரும் மாறிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதிவிட்டு, ஏழு மணி வகுப்புக்குக் கிளமெண்டி ரோட்டுக்கு ஓடுவேன். கறிபப் என்னும் பொரித்த பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நன்னூல் இலக்கணம். உட்லண்ட்ஸில் வீடு திரும்பும்போது மணி பதினொன்றரை. சாப்பாட்டு மேசையில் மகளின் பள்ளிக் கையேடு விரித்து இருக்கும், நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்குப் பென்சிலால் ஓர் அம்புக்குறி. நாலரை வருடம் இந்தப் பிழைப்பு. எனக்கு முன்னால் என் அண்ணன் அஞ்சல்வழியில் தமிழ் பி.ஏ. படித்தார், சென்னையிலிருந்து பாடநூல் வருவதற்குள் தேர்வு வந்துவிடும். அவரிடம் சொல்லிப் பாருங்கள், ‘கடைசி வாய்ப்பு’ என்று.

பட்டம் வாங்கினாலும் ஆசிரியராகிவிட முடியாது. கல்வி அமைச்சு தேர்ந்தெடுக்க வேண்டும். தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சொல்லோடு சொல் சேரும்போது எழுத்து எப்படி மாறும் என்ற புணர்ச்சி விதியைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வீட்டில் தமிழே பேசாத எட்டு வயதுப் பிள்ளைக்கு, விதி என்ற சொல்லே எடுக்காமல் அதைப் புரியவைப்பது எப்படி என்று கழகத்தில் படித்தேன். இரண்டும் வேறு வேறு படிப்பு. உங்கள் செய்தியாளர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? துணைப்பாட நிலையம் ஒன்றில் நேர்காணலுக்குப் போனபோது, “பார்ட் டைம்தானே படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டுச் சான்றிதழைத் திறக்காமலே திருப்பித் தந்தார்கள். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் தீபாவளி வந்தால் தோரணம் கட்ட, கோலம் போட, நடனத்துக்குப் பிள்ளைகளைப் பிடிக்க நான்தான். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் மேடைக்குப் பேச்சாளர் வெளியூரிலிருந்து. நாற்காலி போட உள்ளூர்த் தமிழாசிரியர். பரவாயில்லை, நாற்காலியும் யாராவது போடத்தானே வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டம் வேறு, ஆசிரியர் பயிற்சி வேறு என்று ஒரு வரித் திருத்தம், எந்தப் பக்க மூலையிலாவது. கூடவே அந்தத் தலைப்பில் ‘வாய்ப்பாக’வுக்குப் பின்னால் ஒரு ‘ப்’, ‘பகுதிநேர’வுக்குப் பின்னால் ஒரு ‘ப்’. இணையப் பதிப்பிலாவது சேர்த்துவிடுங்கள். என் வகுப்பில் அதை வாசித்துக்காட்டச் சங்கடமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பகுதிநேரமாகப் படித்த ஒரு முழுநேரத் தமிழாசிரியை,
உட்லண்ட்ஸ்