எழும்பூரில் நடந்துவிட்டு வந்தேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாகக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பதைத் தாண்டி நாம் பேசி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாய் வரவில்லை. அதனால் கடையைச் சாத்திவிட்டு, கட்டிங் டேபிளில் துணியை ஒதுக்கி வைத்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், பெண்ணை விரும்புகிற உன்னைப் போன்றவர்களும் திருநங்கைகளும் சேர்ந்து நடக்கிற வானவில் பேரணியில் நடந்தேன். "என்னோட ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா" என்று நீ கூப்பிட்டாயே, அதே பேரணிதான். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்ன வார்த்தையை இங்கே திரும்ப எழுத மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை பிறந்தால் நம் கடையில் எவ்வளவு வேலை இருக்கும் என்று உனக்குத் தெரியும். கூவாகம் திருவிழாவுக்கு வருகிற திருநங்கைகளால் விழுப்புரத்து லாட்ஜுகள் நிரம்பிவிடும். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளக் கலர் ஜாக்கெட் ஒன்று, மறுநாள் அரவான் களப்பலி முடிந்து தாலி அறுத்தபின் உடுத்த வெள்ளை ஜாக்கெட் ஒன்று. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெள்ளை ஜாக்கெட்டுக்கெல்லாம் உட்கார்ந்து ஹூக் கட்டுவாய். திருநங்கைகளுக்கு அளவு எடுக்கக் கூசுகிற தையல்காரர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். நான் எடுத்தேன். தோளுக்கும் மார்புக்கும் தனித்தனியாக எடுத்து, இடுப்பில் எவ்வளவு பிடிப்பது, டார்ட் எங்கே வைப்பது என்று அவர்களுக்காகவே கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வளையல் வாங்கி வருவாரே, நீகூட வளையல் அத்தை என்று கூப்பிடுவாயே, அவர் இந்தச் சித்திரைக்கும் வந்தார். "பொண்ணு எப்படியிருக்கா அக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார். பெங்களூர் என்று எல்லோரிடமும் சொல்கிற பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒரு பொண்ணு கூட இருக்கா. நான்தான் போய்ப் பாக்கல" என்று சொல்லிவிட்டேன். அவர் கையைத் தூக்கியபடியே நின்றார். பிறகு, "எங்கம்மாவும் வரல அக்கா. கடைசி வரைக்கும் வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்ச அளவை எடுத்து முடித்தேன். நோட்டில் எழுதினால் எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

அப்புறம் மே மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நீ கட்டாயம் படித்திருப்பாய். தன் தோழியை அவளுடைய வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் போட்ட ஆட்கொணர்வு மனு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு இழுத்துப்போய், அடித்து, சரிசெய்கிறோம் என்று ஏதேதோ சடங்கும் செய்திருக்கிறார்கள். கல்யாணம் மட்டும்தான் குடும்பம் ஆகும் என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் சொல்லி, அவளை அவள் விரும்பிய இடத்துக்குப் போகவிட்டார்கள். அவளுடைய அம்மாவிடமும் எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா கேட்கவில்லை. எல்லாத் தாயும் நீதிபதி லீலா சேத் ஆக முடியாது என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

லீலா சேத் யார் என்று தேடிப் படித்தேன். ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண். உங்கள் உறவைக் குற்றம் என்ற 377ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் திரும்பக் கொண்டுவந்தபோது, என் மகனைக் குற்றவாளி என்கிறீர்களா என்று தன் பெயரைப் போட்டே பத்திரிகையில் எழுதியவர். ஆனால் என் மனம் அவரிடம் நிற்கவில்லை. பெயர் தெரியாத அந்த அம்மாவிடம்தான் போய் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தது நான்தான் பாப்பா. மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்று சொன்ன டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனேன். நீ பத்து நாள் பகலெல்லாம் தூங்கினாய். அப்புறம் கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை உன் தலையில் எலுமிச்சம்பழம் சுற்ற வைத்தேன். அந்த மாதிரி வைத்தியமே கூடாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் சொன்னதும், செய்கிற டாக்டர் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்ததும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அதற்குள் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

2021 தீர்ப்பில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் தீர்ப்பு எழுதினார். ஒரு ஜட்ஜ் செய்ததை, பெற்றவள் நான் செய்யவில்லையே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சரி, பேரணிக்கு வருகிறேன். வளையல் அத்தைக்கு நானே போன் போட்டேன். விழுப்புரத்தில் காலை பாசஞ்சர் ஏறித் தாம்பரம், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் எழும்பூர். அவர் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் லாங்ஸ் கார்டன் ரோட்டில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நான் பயந்துகொண்டுதான் போனேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், போலீஸ் ஏதாவது கேட்டால் என்று. ஒரு பெண் போலீஸ் என்னைப் பார்த்து, "அம்மா, வெயில் கொளுத்துது, நிழல்ல நில்லுங்க" என்றது. உங்களைப் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் போலீஸ் நடத்தை விதியிலேயே 2022இல் சேர்த்திருக்கிறார்களாமே, அத்தை சொன்னார்.

பேனரில் 'சுயமரியாதை' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வானவில் சுயமரியாதைப் பேரணி என்பதுதான் முழுப்பெயர் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை. சொல்லியிருப்பாய், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். உன் தாத்தாவும் ஆயாவும் செய்துகொண்டது சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். அப்போது அது சட்டப்படி செல்லாது. அண்ணா முதலமைச்சரான பிறகுதான் அதற்குச் சட்டம் வந்தது. நான் பிறந்தபோது என் அம்மாவும் அப்பாவும் சட்டத்தின் கண்ணில் புருஷன் பெண்டாட்டியே இல்லை. "உங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆகலையாம்" என்று தெருப் பிள்ளைகள் சொல்லி நான் அழுதுகொண்டு வந்திருக்கிறேன். ஆயா என் மூக்கைத் துடைத்துவிட்டு, "நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது எங்களுக்குத் தெரியும்" என்றாள். உங்களுக்குக் கல்யாண உரிமை இல்லை என்று 2023 தீர்ப்பு வந்த அன்று நான் டி.வி.யை அணைத்தேன். மனசுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். ஆயா இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாள்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற நீளக் கொடி ஒன்றை விரித்தார்கள். என் கண் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். சாட்டின் துணி. ஓரம் மடித்து அடிக்கவில்லை, பிசிர் பிசிராக நூல் தொங்கியது. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு முழம் தையல் விட்டிருந்தது. இழுத்துப் பிடித்து நடந்தால் முழுதும் பிரிந்துவிடும். என் பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்குமே, "ரெண்டு நிமிஷம் இருங்கப்பா" என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு நூல் மட்டும்தான் இருந்தது. ஓட்டுத் தையல் நிற்காது, பின் தையலாகவே போட்டேன். முகத்தில் மாஸ்க் போட்ட ஒரு பெண் எதிரே குந்தித் துணியைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டது. இந்தக் கொடியின் கதையை அதுதான் சொன்னது. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர், இன்னும் முப்பது பேரோடு சேர்ந்து கையாலேயே சாயம் போட்டுத் தைத்தது. அதில் எட்டு நிறம். அப்புறம் நிறையக் கொடி தைக்க வேண்டி வந்தபோது பளிச்சென்ற ரோஸ் துணி கிடைக்கவில்லை என்று ஒரு நிறத்தை விட்டார்களாம், பிறகு இன்னொன்றும் போய் ஆறானது. மேட்சிங் சென்டரில் நிறம் கிடைக்காமல் எத்தனை ஜாக்கெட்டை நான் அப்படி மாற்றித் தைத்திருக்கிறேன். உலகமெல்லாம் பிடித்துக்கொண்டு போகிற கொடிக்கும் அதே கதிதான்.

"நீங்க யாரோட அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டது. அன்று அப்புறமும் நாலைந்து பேர் அதையே கேட்டார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு ஒரு துணை இருக்கிறாள் என்று சொன்னேன். வார்த்தை தொண்டையில் சிக்கவில்லை. "எங்க வீட்டுக்குத் தெரியாதும்மா, அதான் மாஸ்க்" என்று அந்தப் பெண் சொன்னபோது கண் மட்டும்தான் தெரிந்தது. உனக்கும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும், நான் எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

பறை அடித்தார்கள். ஆடினார்கள். நான் ஆடவில்லை, கொடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், நான் தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள், ஒரு கிழவி கும்பிட்டாள். 2009இல் மெரினாவில் முதல் பேரணி நடந்தபோது வந்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அது முடிந்து நாலாம் நாள்தான், இந்த உறவு குற்றமில்லை என்ற டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது என்றார்கள். சட்டம் எதிராக இருந்தபோதே கடற்கரையில் நடந்திருக்கிறார்கள். முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஓடவில்லை.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி நீ பால்கோவா வாங்கி வந்தாய். எதுக்குடி என்றேன். சும்மாதாம்மா என்றாய். நானும் தின்றுவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் அன்று சொன்ன தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இவர்களிடமும் இவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். குடும்பம் என்றால் நானும்தானே. எனக்கு யாரும் மன்னிப்புச் சொல்ல வேண்டாம். நான்தான் உன்னிடம் கேட்க வேண்டும். அந்த டாக்டருக்கும், அந்த மூன்று வெள்ளிக்கிழமைக்கும், நான் சொன்ன வார்த்தைக்கும், ஒன்றுமே சொல்லாமல் இருந்த வருஷங்களுக்கும் மன்னித்துவிடு பாப்பா. உடனே மன்னிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. நான் கேட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

அப்பாவைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் வரவில்லை. ராத்திரி நான் வீடு திரும்பியபோது தோசை ஊற்றி மூடி வைத்திருந்தார். "எத்தனை பேரு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். நிறையப் பேர் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவரை அவசரப்படுத்தாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன்னோடு இருக்கிற பெண்ணை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அரசாங்கமே உங்களுக்கு என்று சொற்பட்டியல் போட்டிருக்கிறதாம், அதிலும் இதற்கு முறை இருக்காது. அவளிடமே கேட்டு எழுது. அவள் எப்படிக் கூப்பிடச் சொல்கிறாளோ அப்படியே கூப்பிடுகிறேன்.

தீபாவளிக்கு உனக்குத் தைக்க அளவு என்னிடம் இருக்கிறது, ஆனால் அது பழசு. இளைத்திருக்கிறாய் என்று போட்டோவில் தெரிகிறது. புதிதாக ஒன்று அனுப்பு. அவளுடைய அளவு ஜாக்கெட்டும் ஒன்று வைத்து அனுப்பு. சட்டைதான் போடுவாள் என்றால் நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்று அனுப்பு, காலர் எப்படி வேண்டும், பை ஒன்றா இரண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வை. கூரியரில் போட்டால் இரண்டு நாளில் வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா