ஃபார்மட் பண்ணச் சொல்வதற்கு முன்னால்: நெட்வொர்க் டிரைவர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எழுதும் நிறுவனங்களுக்கும், அந்தக் கார்டுகளை லேப்டாப்பில் வைத்து விற்பவர்களின் சப்போர்ட் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று புகார் சொன்னால் உங்களிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸைத் திரும்பப் போடுங்க." விண்டோஸ் 11இல் அந்தத் திரை கறுப்பாகவே மாறிவிட்டது, உங்கள் பதில்தான் மாறவில்லை.

ஃபார்மட் செய்தால், விழுந்த நேரத்து நிலவரத்தை விண்டோஸ் டம்ப் ஃபைலாக எழுதிவைக்கும் மினிடம்ப் ஃபோல்டரும் சேர்ந்து அழிகிறது. கம்ப்யூட்டர் ஏன் விழுந்தது என்பதற்கு இருக்கும் நல்ல சாட்சி அதுதான். அப்புறம் விண்டோஸ் அப்டேட் தானாகவே அதே டிரைவரைக் கொண்டுவந்து போடும், அதே திரை மறுபடியும் வரும்.

அந்த டம்ப்பில் என்ன இருக்கிறது? திரையில் 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் விண்டிபக் என்ற கருவியில் டம்ப்பைத் திறந்து அனலைஸ் கொடுத்தால் நான்கு மதிப்புகள் கிடைக்கும். முதலாவது, டிரைவர் தொடப்போன மெமரி முகவரி. அது பூஜ்யத்தை ஒட்டிய சின்ன எண்ணாக இருந்தால், காலி பாயின்டரை (எந்த மெமரி இடத்தையும் சுட்டாத முகவரியை) சோதிக்காமல் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது ஐஆர்க்யூஎல், அதாவது அப்போது ஓடிய வேலையின் முன்னுரிமை நிலை, பெரும்பாலும் 2. அந்த நிலையில் பேஜ் ஃபால்ட் (கேட்ட தகவல் ராமில் இல்லாத நிலைமை) வந்தால் டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தர விண்டோஸால் முடியாது, எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். மூன்றாவது 0 என்றால் படிக்கப் போயிருக்கிறது, 1 என்றால் எழுதப் போயிருக்கிறது. நான்காவது, அந்தக் காரியத்தைச் செய்த கோடின் முகவரி. நெட்டிலிருந்து தகவல் பாக்கெட்டுகள் வந்து இறங்கும்போது உங்கள் டிரைவர் வேலை செய்வது பெரும்பாலும் இந்த 2ஆம் நிலையில்தான். பெரிய ஃபைல் இறங்கும் நேரமாகப் பார்த்து மெஷின் விழுவது தற்செயல் இல்லை.

திரையில் பல சமயம் என்டிஐஎஸ், டிசிபிஐபி, நெட்ஐஓ என்று மைக்ரோசாஃப்டின் ஃபைல் பெயர்தான் தெரியும். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதைதான். ஸ்டேக்கை, அதாவது எந்தக் கோடு எதை அழைத்தது என்கிற வரிசையை, புரட்டினால் உங்கள் டிரைவர் இருக்கும், இல்லாவிட்டால் விபிஎன்னோ ஆன்ட்டிவைரஸோ நடுவில் செருகிய ஃபில்டர் டிரைவர் இருக்கும். எல்லாப் பழியும் உங்கள் மேல்தான் என்று சொல்ல வரவில்லை. ராம் கெட்டாலும் இதே பிழை வரும். ஆனால் அப்போது டம்ப்புக்கு டம்ப் பெயர் மாறிக்கொண்டிருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ராமைக் கழற்றித் துடைக்கச் சொல்லிப் பயனில்லை.

டம்ப் பார்க்கத் தெரியாத ஆளை சப்போர்ட்டில் உட்கார வைத்திருக்கிறீர்களா, பரவாயில்லை. அவசியமான டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஒழுங்காக ஓடுகிறதா, நெட்வொர்க்கிங்குடன் கூடிய சேஃப் மோடில் விழுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டை டிஸேபிள் செய்துவிட்டு, வேறு சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டரில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ மட்டும் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' வருகிறதென்றால், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பழைய டிரைவர்களைத் தளத்திலிருந்து தூக்காதீர்கள். ரோல் பேக் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். முந்தைய டிரைவர் மெஷினில் இருந்தால்தான் அது வேலை செய்யும், நீங்கள் சொன்னபடி ஃபார்மட் செய்தவருக்கு அது மங்கிப்போய் நிற்கும். சிப் தயாரித்தவரைக் கேட்டால் லேப்டாப் நிறுவனத்தைக் கேள் என்கிறார், லேப்டாப் நிறுவனத்தின் பக்கத்திலோ ஆதிகாலத்துப் பதிப்பு ஒன்றுதான் கிடக்கிறது. என்ன மாற்றினீர்கள் என்ற இடத்தில் 'செயல்திறன் மேம்பாடு' என்று மட்டும் எழுதினால், எந்தப் பதிப்புக்குத் திரும்புவது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு. நெட்வொர்க் டிரைவருக்கே நெட்டிலிருந்து மிச்சத்தை இறக்கிக்கொள்ளும் இன்ஸ்டாலர் வைப்பது யாருடைய யோசனை? நெட் வேலை செய்யாத மெஷினுக்குத்தானே அது தேவைப்படுகிறது! முழு ஃபைலாகக் கொடுங்கள், பென் டிரைவில் கொண்டுபோகிறோம்.

விண்டோஸின் உள்மையமான கெர்னலில் ஓடும் ஒரு டிரைவர் சறுக்கினால் மெஷின் மொத்தமும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது நெட்வொர்க் டிரைவர் இல்லை, ஆனால் உங்களுடையதும் ஓடுவது அதே கெர்னலில்தான். புதுப் பதிப்பை முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் விட்டுப் பாருங்கள்.

டம்ப் ஃபைல், டிரைவர் பதிப்பு எண், கார்டின் ஹார்டுவேர் ஐடி மூன்றையும் சேர்த்து ஒருவர் புகார் அனுப்பினால், "விண்டோஸை அப்டேட் செய்து பாருங்கள்" என்று டிக்கெட்டை மூடிவிடாமல், டிரைவர் எழுதுகிறவரின் கைக்கு அதைப் போக விடுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பராமரிக்கும் ஒருவன்