கோழிக்கூடு விஷயமாகப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். நீ வரைந்து அனுப்பிய கோழிக்கூட்டுப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்சடித்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். "நம்ம வீட்டை விட அழகா இருக்கு" என்கிறாள் உன் அம்மா. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது பனி பெய்கிற ஊர்க் கோழிக்குக் கட்டுகிற கூடு. நாலு பக்கமும் பலகை, ஒரு சின்ன ஜன்னல், அதற்கும் கண்ணாடி. நம்ம ஊர் பாகான் செராயில் அதைக் கட்டினால் மத்தியானம் 2 மணிக்குக் கோழி தானாகவே வெந்துவிடும். அம்மாவுக்கு மசாலா தடவுகிற வேலைதான் மிச்சம்.

கோபித்துக்கொள்ளாதே. அளவு சரியாகத்தான் போட்டிருக்கிறாய். பெரிய கோழி 12, இரண்டு ஈட்டுக் குஞ்சு, அதாவது இரண்டு அடையில் பொரித்தவை, சேர்த்து 14. சேவல் குஞ்சுகள் தீபாவளிக்குள் சட்டிக்குப் போனாலும் அடுத்த ஈடு வந்துவிடும். அதனால் 30 என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி அடைவதற்கு ஒன்றுக்கு 4 சதுர அடி வைத்தால் 120. நீ போட்ட 12க்கு 10 போதும். பகலெல்லாம் அவை கூட்டில் நிற்கவா போகின்றன? வாழையடியில் கிளறிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் உன்னால் வந்ததுதான், தெரியுமா? 2022 ஜூனில் மலேசியாவிலிருந்து கோழி ஏற்றுமதியை நிறுத்தினார்களே, அப்போது சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, இங்க கோழிச் சோத்துக்கே ஆபத்து" என்று புலம்பினாய். அந்த வாரம் சந்தையில் மூன்று கம்போங் கோழி, நம்ம நாட்டுக்கோழிதான், வாங்கினேன். 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் நின்றதிலிருந்து, "மிச்சம் இருக்கா அண்ணே?" என்று தெருவில் பாதிப் பேர் கேட்கிறார்கள். கோழி பெருகாமல் என்ன செய்யும்?

சரி, படத்துக்கு வருகிறேன். 12 அடிப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மேற்குச் சுவர் மட்டும் மேலிருந்து கீழ் வரை தகரம். சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் சுடும். சுமாத்ரா காற்று விடியற்காலையில் மழையைத் தூக்கிக்கொண்டு அடிப்பதும் அங்கிருந்துதான். மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரம் செங்கல், அதற்கு மேல் கூரை வரை கம்பி வலை. கூரையை இரண்டு அடி வெளியே நீட்டு, சாரல் உள்ளே வராது. வெறும் தகரக் கூரை அனலாய்க் கொதிக்கும். அதன் மேல் அத்தாப்பு ஓலை ஒரு அடுக்கு பரப்பப் போகிறேன்.

வலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். உன்னிடம் இதுவரை முழுசாகச் சொல்லவில்லை. போன தைப்பூசத்துக்கு முன்னால் ஏழு கோழி செத்தது என்று மட்டும்தான் சொன்னேன். "நோயா?" என்று கேட்டாய், ஏதோ மழுப்பினேன். மூசாங், அந்த மரநாய், வந்துவிட்டது. தேனடை மாதிரிக் கண் வைத்த கோழி வலைதான் அடித்திருந்தேன். "இது போதும் அங்கிள், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று கடையில் சொன்னார்கள், விலையும் பாதி. ராத்திரி ஒரு சத்தமும் கேட்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால், கோழி ஏறித் தூங்குகிற பரண் கட்டைக்குக் கீழே ஏழும் வரிசையாகக் கிடந்தன. மூலையில் வலையின் முறுக்கு, சட்டைப் பின்னல் பிரிந்த மாதிரி பிரிந்து, கை நுழைகிற ஓட்டை. நீ பேர் வைத்தாயே வெள்ளச்சி, அது கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்காருகிற பழக்கம். அதை வலைக் கண் வழியாகவே பிடித்து இழுத்திருக்கிறது. உடம்பு உள்ளே இருந்தது, தலை இல்லை. கம்பியில் நாலு வெள்ளை இறகு சிக்கியிருந்தது. அம்மா பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே வருகிறதைத் தடுக்காது. இந்த முறை அரை அங்குலக் கண், பற்றவைத்த சதுர வலை. சுவருக்கு வெளியே தரையில் ஒரு அடி அகலம் படுக்க வைத்து மண் போட்டு மூடுவேன். தோண்டுகிறது எதுவும் சுவரோரம்தான் தோண்டும், கம்பி தட்டினால் விட்டுப் போகும். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ராத்திரி 7 மணிக்கே பூட்டு.

பரண் கட்டையை நீ ஏணிப்படி மாதிரி போட்டிருக்கிறாய். வேண்டாம். மேல்படிக்குத் தினமும் சண்டை நடக்கும், கீழே உட்கார்ந்தது தலையில் எச்சம் வாங்கும். எல்லாம் ஒரே உயரத்தில், 9 அடிக் கட்டை மூன்று. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றாலும் 20 அடிதான் வேண்டும், தாராளம். எந்தக் கட்டையும் வலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே இருக்க வேண்டும். ஏனென்று உனக்கு இப்போது தெரியும். முட்டைப் பெட்டி ஆறு, ஒவ்வொன்றும் ஒரு அடிச் சதுரம், பரணை விடத் தாழ்வாக. இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கிக் கழிந்து வைக்கும்.

தரையைப் படத்தில் நீ சொல்லவே இல்லை. நம் மண் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் வடியாது. முதலில் ஒரு அடி செம்மண் கொட்டி மேடாக்கி, மேலே சிமெண்டு, அதற்கு மேல் நாலு அங்குலம் உமி. பாரிட் புந்தார் பக்கம் ஆலையில் மூட்டை கிடைக்கிறது. வாரம் இரண்டு தடவை கிளறிவிட்டால் வாடை அடிக்காது. பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, சேவல் 4 மணிக்குக் கூவினாலும். அந்த மனுஷி வாயைத் திறக்கிற மாதிரி நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய உமி அவர்கள் முருங்கைக்கும் போகும்.

பழைய கூட்டை உடைக்கச் சொன்னாய், உடைக்க மாட்டேன். வலை மாற்றி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வாங்கி வருகிற கோழியை மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் ஒன்றுக்கு வந்தால் முப்பதையும் வாரிக்கொண்டு போகும். அடைக்கோழிக்கும் ஒதுக்குப்புறம் அதுதான். உன் பாட்டி தோட்டத்து லயத்தில் கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்தே காலத்தை ஓட்டினார். என் முட்டிக்கு இனிக் குனிகிற வேலை ஆகாது. ஆகையால் புதுக்கூட்டின் கதவு நான் நிமிர்ந்து போகிற உயரம், தள்ளுவண்டி நுழைகிற அகலம். 3 அடியாவது வை.

பணம் அனுப்பாதே, தகரமும் கட்டையும் இருக்கிறது. வலைக்கு மட்டும் வேண்டுமானால் கொடு. மஞ்சக்கோழி 11 முட்டையில் அடை உட்கார்ந்து இன்றோடு ஒன்பது நாள். இன்னும் 12 நாள் இருக்கிறது. அதற்குள் படத்தைத் திருத்தி அனுப்பு.

அப்பா